கிணறு ஊறும் வேகம்: வேட்டையாடினால் விலங்குகள் குறைந்துவிடுமா?

காட்டுப்பன்றி மக்காச்சோளத்தை உழப்பிவிட்டது என்று செய்தி வந்தால் அன்றைக்கு எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு சண்டை நிச்சயம். "சுட்டா என்னண்ணே கொறைஞ்சுடப் போவுது? ஒரு ஈத்துக்கு அஞ்சாறு குட்டி போடுது" என்பார் ஒருவர். "இப்படியே சொல்லிச் சொல்லித்தான் தம்பி காட்டுல ஒண்ணுமில்லாமப் போச்சு" என்பார் பெஞ்சில் இருக்கும் பெரியவர். டீ ஆறுகிற வரைக்கும் ஓடும்.

கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்று புரியும். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் இருவரும் வேறு வேறு விலங்குகளைப் பற்றிப் பேசுகிறார்கள். 'விலங்கு' என்ற ஒரே சாக்கில் முயலையும் யானையையும் சேர்த்துப் போட்டுக் கட்டிவிட்டால் சண்டை எப்படித் தீரும்?

வேட்டை நியாயமா இல்லையா என்பதற்குள் இந்தக் கட்டுரை போகப்போவதில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இந்தியாவில் வேட்டை பெரும்பாலும் சட்டத்துக்குப் புறம்பானது, அது தெரிந்ததுதான். இங்கே பார்க்கப்போவது கணக்கை மட்டும்: மனிதன் கொன்றால் ஒரு விலங்கினத்தின் எண்ணிக்கைக்கு என்ன ஆகிறது?

முதலில் ஒரு கிணறு

எங்கள் தாத்தா காலத்துக் கிணறு ஒன்று உண்டு. காலையில் இரண்டு மணி நேரம் இறைத்தால் பத்தடி இறங்கும். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பழைய மட்டத்துக்கே வந்து நிற்கும். மழையில்லாத நாளில் யாரும் இறைக்காமல் ஒரு வாரம் விட்டாலும் அந்த மட்டத்தைத் தாண்டாது. தண்ணீர் ஒரு அளவுக்கு ஏறியதும் ஊற்றுக்கண் அடங்கிவிடும். இறைத்தால்தான் மறுபடி ஊறும்.

காடும் ஏறக்குறைய இப்படித்தான். ஒரு காட்டில் முயலுக்கு இருக்கும் புல்லும் புதரும் ஒரு அளவுதான். முயல்கள் அந்த அளவுக்குப் பெருகிவிட்டால், அடுத்துப் பிறக்கும் குட்டிகளில் பெரும்பகுதி தீனி கிடைக்காமலோ, ஒளிய இடமில்லாமல் நரிக்கும் கழுகுக்கும் இரையாகியோ செத்துப்போகும். பிறப்பும் இறப்பும் சமமாகி, எண்ணிக்கை அதே மட்டத்தில் நிற்கும்.

இப்போது நூறு முயலில் இருபதை யாரோ பிடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி எண்பதுக்குத் தீனி தாராளம். பிறக்கும் குட்டிகளில் கூடுதலாகச் சில பிழைக்கும். ஓர் ஆண்டில் பழைய நூறுக்கு வந்துவிடும். பிடிபட்ட இருபதில் பாதி எப்படியும் அந்தக் கோடையைத் தாண்டியிருக்காது. இப்படி, எடுத்தாலும் அந்த இனம் தானே நிரப்பிக்கொள்ளக்கூடிய பங்கை உபரி என்பார்கள். 'தலைமுறை தலைமுறையாக முயல் பிடிக்கிறோம், முயல் தீர்ந்தா போச்சு?' என்று கேட்பவருக்குப் பின்னால் இருக்கும் அறிவியல் இதுதான். அவருக்கு அந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம், கணக்கு தெரியும்.

ஆக இதுவரை: கொன்றாலே குறையும் என்று சொல்ல முடியாது. ஊறும் வேகத்துக்குள் இறைத்தால் மட்டம் நிற்கும். தாண்டினால் இறங்கும். கேள்வி எத்தனை கொன்றோம் என்பதல்ல, எவ்வளவு வேகமாக ஊறுகிறது என்பது.

பாறைக் கிணறுகள்

மணற்பாங்கான இடத்துக் கிணறும் பாறையைக் குடைந்த கிணறும் ஒன்றுபோல் ஊறுமா? பாறைக் கிணற்றில் கசிவுதான். ஒரு குடம் சேர ஒரு இரவு ஆகும்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். நூறு காட்டுப்பன்றி. அதில் முப்பது பெட்டை குட்டி போட்டால், ஒன்றுக்கு நாலைந்து என்று வைத்தாலும் நூற்றிருபதுக்கு மேல் குட்டி. பாதி செத்தாலும் மிச்சம் ஏராளம்.

இப்போது நூறு யானை. அதில் குட்டி ஈனும் வயதுப் பெண் யானைகள் ஒரு நாற்பது. யானைக்குச் சினைக்காலமே ஏறக்குறைய 22 மாதம். ஒரு குட்டி, அதற்குப் பால் மறந்து, அடுத்ததற்கு நாலைந்து ஆண்டு. அப்படியானால் நாற்பது யானையிலிருந்து ஆண்டுக்கு எட்டு ஒன்பது குட்டி. குட்டியிலேயே சாவது, கிழடாகிச் சாவது, வறட்சியில் சாவது எல்லாம் போகக் கையில் நிற்பது இரண்டோ மூன்றோ. மூன்று யானையைச் சுட்டால் கணக்கு நேர். நாலாவது யானை விதைநெல்.

பன்றிக் கூட்டத்தில் முப்பது நாற்பது போனாலும் தெரியாது. யானைக் கூட்டத்தில் ஆண்டுக்கு ஐந்து போனால், நம் ஆயுளுக்குள் அந்தக் கூட்டம் இல்லை. பெரிய உடம்பு, நீண்ட ஆயுள், ஒற்றைக் குட்டி: இந்த மூன்றும் சேர்ந்த விலங்குகள் எல்லாமே பாறைக் கிணறுகள். காண்டாமிருகம், திமிங்கிலம், மனிதக் குரங்கு எல்லாம் இந்த வகை.

இதற்கு வரலாற்றில் உள்ள மிகத் துலக்கமான, மிக வேதனையான சாட்சி ஒரு கடற்பசு. 1741 நவம்பரில் விட்டஸ் பெரிங் என்பவரின் கப்பல், ரஷ்யாவின் காம்சட்கா கரைக்கு அப்பால் ஆளில்லாத ஒரு தீவில் ஒதுங்கி உடைந்தது. பெரிங் அங்கேயே இறந்தார். மிஞ்சியவர்களில் கியோர்க் ஸ்டெல்லர் என்ற ஜெர்மானிய இயற்கை ஆய்வாளரும் ஒருவர். கரையோரம் கடற்பாசிக் காடுகளை மேய்ந்துகொண்டு, முதுகு எப்போதும் தண்ணீருக்கு மேலே தெரிய, பெரிய பெரிய விலங்குகள் மிதந்துகொண்டிருந்தன. எட்டு மீட்டருக்கு மேல் நீளம், பல டன் எடை. முழுக்க முங்கவும் தெரியாது, ஓடவும் தெரியாது. கப்பல் ஆட்கள் கயிறு கட்டிய இரும்புக் கொக்கியால் குத்தி, கரையில் முப்பது பேர் நின்று தேர் இழுப்பதுபோல் இழுத்தார்கள். கொக்கி மாட்டிய பெண் விலங்கை விடுவிக்க அதன் ஆண் முட்டி மோதியதையும், அது செத்த பிறகும் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் கரைக்கே வந்து நின்றதையும் ஸ்டெல்லர் எழுதிவைத்திருக்கிறார்.

அவர்கள் உடைந்த கப்பலின் மரத்திலேயே ஒரு படகு கட்டி 1742-இல் ஊர் திரும்பினார்கள். கூடவே கொண்டுபோன கடல் நீர்நாய்த் தோல்களுக்குக் கிராக்கி பிறந்தது. தோல் வேட்டைக்காரர்கள் படை படையாக அந்தத் தீவுகளுக்குப் போனார்கள். போகிற வழியில் கடற்பசுதான் சாப்பாடு. 1768-க்குப் பிறகு அந்த விலங்கைப் பார்த்ததாக நம்பத்தகுந்த செய்தியே இல்லை. கண்டுபிடித்து 27 ஆண்டு. மொத்தமே சில ஆயிரத்துக்குள்தான் இருந்திருக்கும் என்பது கணிப்பு. கொன்றவர்கள் பெரும் படையல்ல. வருஷத்துக்கு சில படகுகள். ஊறாத கிணற்றை வற்றவைக்க மோட்டார் தேவையில்லை, ஒரு வாளி போதும்.

இதன் சிற்றப்பன் மகன் மாதிரி ஒரு விலங்கு நம் பாக் நீரிணையில் இருக்கிறது. கடற்கரைக்காரர்கள் ஆவுளியா என்பார்கள். இதுவும் கடற்பசுதான், உருவத்தில் சிறியது, கடற்புல்லை மேயும். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் மூன்றிலிருந்து ஏழு ஆண்டு இடைவெளி. முன்பு கறிக்காகப் பிடித்தார்கள். வலையில் சிக்கி மூச்சுமுட்டிச் செத்ததும் உண்டு. 2022-இல் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை இதற்கான பாதுகாப்பகமாக அறிவித்தது. வலையில் மாட்டினால் அறுத்துவிடுங்கள் என்று மீனவர்களிடம் கேட்பதற்குக் காரணம் இரக்கம் மட்டுமில்லை. ஒரே ஒரு பெண் ஆவுளியா செத்தாலும் அந்த ஆண்டுக் கணக்கு கவிழ்ந்துவிடும்.

எத்தனை என்பதோடு, எது என்பதும்

ஆடு வளர்ப்பவர்கள் கிடாக்குட்டிகளைத்தான் விற்பார்கள். மூட்டுக்குட்டியை அவ்வளவு சீக்கிரம் விற்க மனசு வராது. முப்பது ஆட்டுக்கு ஒரு கிடா போதும், மந்தை பெருகும். அப்படிப் பார்த்தால் காட்டிலும் ஆண்களை மட்டும் கொன்றால் பாதகமில்லை என்று தோன்றும். பல நாடுகளில் அனுமதி பெற்ற வேட்டை இந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது. ஓரளவுக்கு அது சரியும்கூட.

எந்த அளவுக்கு என்பதைக் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம் காட்டியது. ஆசிய யானையில் தந்தம் ஆணுக்கு மட்டும்தான் வளரும். தந்தத்துக்காகச் சுடுபவன் பெண் யானையைத் தொடமாட்டான். 1970-களிலும் 80-களிலும் கேரள, தமிழக, கர்நாடகக் காடுகளில் கொம்பன்களைத் தேடித்தேடிச் சுட்டார்கள். சத்தியமங்கலம் பக்கத்துக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1980-களின் முடிவில் பெரியாறில் வளர்ந்த ஆண் ஒன்றுக்கு வளர்ந்த பெண்கள் நூற்றுக்கு மேல் என்ற நிலை வந்தது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கூட்டம் கூட்டமாக யானை தெரியும், காடு நன்றாக இருக்கிறது என்றே தோன்றும். ஆனால் கூட்டத்தில் குட்டிகள் குறைந்துகொண்டே வந்தன. யானைக்கு மந்தைக் கிடா கிடையாது. ஆண்கள் தனியே அலையும். பெண் யானை பருவத்துக்கு வரும் சில நாட்களுக்குள் ஒரு ஆண் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தவறினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். தலையை எண்ணினால் போதாது, ஆண் எத்தனை, பெண் எத்தனை, குட்டி எத்தனை என்று பிரித்து எண்ண வேண்டும் என்று வனவிலங்கு ஆய்வாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொன்றும் நடக்கும். களத்தில் நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு ஒதுக்குவோம். வேட்டைக்காரன் செய்வது நேர்த் தலைகீழ்: பெரிய தந்தம், பெரிய கொம்பு உள்ளதைப் பொறுக்கி எடுத்துவிட்டு மற்றதை விதைக்கு விடுகிறான். இப்படி ஏதோ ஒரு குணம் உள்ளவை சாக, அது இல்லாதவை பிழைத்துப் பெருகுவதைத் தேர்வு அழுத்தம் என்பார்கள்.

மொசாம்பிக் நாட்டில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். இரண்டு தரப்புப் படைகளும் கோரொங்கோசா காட்டு யானைகளைத் தந்தத்துக்காகக் கொன்றன. பத்தில் ஒன்பதுக்கு மேல் போய்விட்டது. ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. பிறவியிலேயே தந்தமில்லாத பெண்கள் சிலவும் எப்போதும் இருக்கும். போருக்கு முன் அப்படிப்பட்ட பெண்கள் ஐந்தில் ஒன்றுகூட இல்லை. போருக்குப் பின் எஞ்சியவற்றில் சரிபாதி. தந்தமில்லாததால் யாரும் சுடவில்லை, அவ்வளவுதான். போர் முடிந்த பிறகு பிறந்த பெண் குட்டிகளிலும் மூன்றில் ஒன்று தந்தமில்லாமல் பிறந்தது என்று 2021-இல் வெளியான ஆய்வு சொன்னது. அம்மாவின் உயிரைக் காத்த அதே மரபணுவை ஆண் கரு சுமந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லையாம். ஆக, துப்பாக்கி ஓய்ந்து முப்பது வருஷம் ஆகியும் அது இன்னும் குட்டிகளை எடுத்துக்கொண்டிருக்கிறது.

நம் பக்கம் தந்தமில்லாத ஆண் யானையை மக்னா என்போம். தென்னிந்தியக் காடுகளில் அவை சிறுபான்மை. இலங்கையிலோ ஆண்களில் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் இருப்பதில்லை. பல நூற்றாண்டுகளாகக் கொம்பன்களைப் பிடித்ததும் கொன்றதும் அதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறார்கள்.

சரி, இதுவரை: ஊறும் வேகம் ஒன்று. எந்த வயது, எந்தப் பால், எந்தக் குணம் உள்ளதை எடுத்தோம் என்பது இன்னொன்று. இரண்டாவதைத் தலை எண்ணும் கணக்கு காட்டாது.

கிணற்று உவமை உடையும் இடம்

கிணறு அடிமண் தெரியும் வரை வற்றினாலும் ஊற்று ஊறும். சொல்லப்போனால் அப்போதுதான் வேகமாக ஊறும். விலங்கு அப்படியில்லை. ஒரு அளவுக்குக் கீழே போனால், ஊறுவதே நின்றுவிடும்.

வட அமெரிக்காவில் பயணப் புறா என்று ஒன்று இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் எண்ணிக்கை கோடிகளில் நூறு நூறாக இருந்திருக்கும். கூட்டம் பறந்தால் வெயில் மறையும். ஒரு கூட்டம் கடக்க மணிக்கணக்காகும். ஆனால் ஒரு கூட்டில் ஒரே ஒரு முட்டை. அவ்வளவு பறவைக்கும் கூட்டம்தான் கவசம். பட்டம் தவறி ஒருவர் மட்டும் சோளம் போட்டால் ஊர்க் குருவி மொத்தமும் அவர் காட்டில்தான் இறங்கும். ஊரே ஒன்றாக விதைத்திருந்தால் ஆளுக்கு ஒரு பிடி போகும், வெள்ளாமை வீடு வரும். புறாக்கள் லட்சக்கணக்கில் ஒரே காட்டில் ஒரே நேரத்தில் முட்டையிட்டபோது பருந்தும் நரியும் தின்று மாளவில்லை. நூறு ஜோடி மட்டும் இருந்தால்? முதல் வாரத்திலேயே முடிந்தது.

தந்தியும் ரயிலும் வந்த பிறகு, எந்தக் காட்டில் புறா இறங்கியிருக்கிறது என்ற செய்தி மறுநாளே வேட்டைக்காரர்களுக்குக் கிடைத்தது. காடுகளும் வெட்டப்பட்டுக்கொண்டிருந்தன. 1878-இல் மிச்சிகன் மாநிலத்தின் பெட்டோஸ்கியில் இறங்கிய பெருங்கூட்டத்தை வாரக்கணக்கில் கொன்று பீப்பாய்களில் அடைத்து அனுப்பினார்கள். அதன் பின்னும் ஆயிரக்கணக்கில் புறாக்கள் இருந்தன. ஆனால் கூட்டம் சிதறிவிட்டது. லாபமில்லாமல் வேட்டை ஓய்ந்த பிறகும் அவை குறைந்துகொண்டே போயின. கடைசிப் புறா, மார்த்தா என்று பெயர், 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் செத்தது.

எண்ணிக்கை குறையக் குறையப் பெருகும் வேகமும் குறைவதை ஆலீ விளைவு என்பார்கள், அதை ஆராய்ந்த ஓர் அமெரிக்கரின் பெயரால். 'இன்னும் ஆயிரம் இருக்கிறதே' என்று ஆறுதல் சொல்லும்போது, அந்த ஆயிரம் எப்படி வாழும் விலங்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

குறைந்த பிறகும் ஏன் நிறுத்துவதில்லை?

மீன் குறைந்தால் வலை போடுபவருக்கு டீசல் காசு கட்டாது, நிறுத்திவிடுவார். வேட்டையும் அப்படித்தானே தானாக நிற்க வேண்டும்? மூன்று காரணத்தால் நிற்பதில்லை.

ஒன்று, அரிதாக அரிதாக விலை ஏறும் பொருள்கள் உண்டு. தந்தம், காண்டாமிருகக் கொம்பு இரண்டும் அந்த ரகம். இதை விளக்கவே வேண்டாம்.

இரண்டு, வட்டிக் கணக்கு. 1973-இல் காலின் கிளார்க் என்ற கணித அறிஞர் சங்கடமான ஒன்றை எழுதிக்காட்டினார். ஒரு திமிங்கிலக் கூட்டம் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் பெருகுகிறது. பணத்தை வேறு தொழிலில் போட்டால் நூற்றுக்குப் பத்து வருகிறது. அப்போது லாபத்தை மட்டும் பார்ப்பவருக்கு எது நல்லது? எல்லாத் திமிங்கிலத்தையும் இப்போதே பிடித்து விற்றுப் பணமாக்குவதுதான். பேராசைக்காரர்களுக்குப் புத்தியில்லை என்று நாம் திட்டுகிறோம்; அவர்கள் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. அண்டார்க்டிக் கடலில் 1930-31 பருவத்தில் மட்டும் சுமார் 29,000 நீலத்திமிங்கிலங்களைப் பிடித்தார்கள். ஒரு காலத்தில் அங்கே 2,39,000 அளவில் இருந்தவை 1970-களின் தொடக்கத்தில் வெறும் 360 அளவுக்கு வந்துவிட்டன என்பது மதிப்பீடு.

மூன்று, குறி வைத்தது ஒன்று, சிக்குவது ஒன்று. நீலத்திமிங்கிலம் அரிதான பிறகும் கப்பல்கள் வேறு திமிங்கிலங்களுக்காகப் போய்க்கொண்டுதான் இருந்தன. வழியில் நீலம் தென்பட்டால் விடவா போகிறார்கள்? நம் ஊரில் இதற்குச் சுருக்குக் கம்பி. பழைய பைக்கின் கிளட்ச் வயரைக் கழற்றி, வளையமாக முடிந்து, வேலி இடைவெளியில் பன்றி நுழையும் உயரத்தில் கட்டிவிடுகிறார்கள். ஆகும் செலவு ஒன்றுமில்லை. பன்றிக்கென்று கட்டியதில் சிறுத்தையும் கடமானும் வந்து கழுத்தைக் கொடுக்கும். கட்டியவன் ஊருக்குப் போய்விட்டாலும் கம்பி இருபத்துநாலு மணி நேரமும் வேட்டையாடிக்கொண்டிருக்கும்.

'காலங்காலமாகத்தான் வேட்டையாடினோம்' என்ற வாதத்துக்கும் இங்கே பதில் இருக்கிறது. ஏற்றம் இறைத்த காலத்தில் நாள் முழுக்க இறைத்தும் கிணறு வற்றவில்லை. மோட்டார் வந்ததும் வற்றியது. நாயும் ஈட்டியும் வலையும் வேறு. ஜீப்பும் ஹெட்லைட்டும் துப்பாக்கியும், கறியை அன்றிரவே டவுனுக்குக் கொண்டுபோகும் ரோடும் வேறு.

சுடாத விலங்குக்கும் அடி

மேலே சொன்ன கடல் நீர்நாய் கதைக்குத் திரும்புவோம். தோலுக்காக 1741-இல் தொடங்கிய வேட்டை 1911-இல் ஒப்பந்தம் போட்டு நிறுத்தும்போது, லட்சத்துக்கு மேல் இருந்தவை ஓரிரு ஆயிரமாகிவிட்டன. நீர்நாயின் முக்கியத் தீனி கடல் முள்ளெலி என்னும் முட்பந்து போன்ற உயிரி. தின்ன ஆளில்லாததால் அது பெருகியது. அது மேய்வதோ பெரிய கடற்பாசிகளை. பாசிக்காடுகள் மொட்டையாயின, அதில் ஒதுங்கிய மீன்களுக்கும் இடமில்லை. ஒன்றை எடுக்க, அடுத்தடுத்த படிகளில் விழும் இந்தச் சரிவை அடுக்கு விளைவு என்பார்கள். ஸ்டெல்லரின் கடற்பசு தின்றதும் அந்தப் பாசியைத்தான். கொக்கியோடு இந்தப் பட்டினியும் சேர்ந்துதான் அதை முடித்தது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

இறைப்பதை நிறுத்தினால்

நீலகிரியில் வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு வரையாட்டு வேட்டை பெரிய பொழுதுபோக்கு. முதிர்ந்த கிடாவின் முதுகில் சேணம் போட்டதுபோல் வெள்ளி நிறத்தில் ஒரு பட்டை விழும். அப்படிப்பட்ட கிடாவைச் சுட்டால்தான் பெருமை. ஆடு குறைந்ததும் கவலைப்பட்டவர்களும் அந்த வேட்டைக்காரர்கள்தான். 1877-இல் சங்கம் வைத்தார்கள். 1879-இல் நீலகிரிக்கென்று தனிச் சட்டமே வந்தது. நாளைக்குச் சுட ஆடு வேண்டுமே என்ற அக்கறைதான். ஆனாலும் அந்த அக்கறை ஆட்டுக்கு உதவியது என்பதை மறுக்க முடியாது. மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டக்காரர்கள் தங்கள் வேட்டைக்கென்று ஒதுக்கிவைத்த இரவிகுளம் மேட்டுநிலம் 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்காவாகி, இன்றைக்கு வரையாடு மிக அதிகமாக இருக்கும் இடமாக நிற்கிறது.

வரையாட்டுக்கு வேட்டை மட்டும் எதிரியில்லை. சோலையும் புல்வெளியும் இருந்த இடத்தில் தேயிலையும் சீகையும் யூகலிப்டஸும் வந்தன. கிணற்று மொழியில் சொன்னால் கிணற்றையே பாதி மூடிவிட்டோம். இறைப்பதை நிறுத்தினாலும் பழைய மட்டம் வராது. ஆனாலும் ஊறுகிறது. தமிழகத்தில் 2024 கணக்கெடுப்பில் 1,031. 2025-இல் கேரளத்தோடு சேர்ந்து ஒரே நேரத்தில் எண்ணியபோது இங்கே 1,303, அங்கே 1,365. இரண்டாம் முறை கூடுதல் இடங்களில் தேடினார்கள் என்பதால் வித்தியாசம் முழுவதையும் புதுக் குட்டிகளின் கணக்கில் எழுத முடியாது.

வரையாட்டுக்கும் பெரும்பாலும் ஒரு ஈத்துக்கு ஒரு குட்டிதான். இரவிகுளத்துக்கு பிப்ரவரி, மார்ச்சில் சுற்றுலா போனால் கேட் பூட்டியிருக்கும். ஆடு குட்டி போடும் நேரம். போய்விட்டு ஏப்ரலில் வாருங்கள் என்பார்கள்.